சலிவன் துரையின் மலைக்குடித்தனம்

பிறந்த நாட்டை விட்டு வேற்று நாட்டில் குடிபுகுதல் மக்களுக்கு எக்காலத்தும் நேர்ந்து வருவதே. அடுப்புக் கூட்ட மூன்று கல்லும் தலை சாய்க்க ஒரு கூரையும் கிடைத்துவிட்டால் வீடு அமைந்ததென்று எண்ணுகிறோம். ஆயினும் வீடு வேறு, குடித்தனம் வேறு. நல்ல நீர் எங்கே உண்டு, விறகு எங்கே கிடைக்கும், குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் யாரை அழைப்பது, அயலார் யாவர், அவர் முகத்தில் தோன்றுவது நட்போ வெறுப்போ என்னும் கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்த பின்னரே குடித்தனம் தொடங்குகின்றது. இவற்றின் அடியில் இன்னும் ஒரு கேள்வி மறைந்து கிடக்கின்றது. நாம் அடுப்பு மூட்டிய இந்நிலம் யாருடையது என்பதே அக்கேள்வி. குடியேறுவோருள் பலர் அதனைக் கேளாமலே வாழ்ந்து முடிந்துவிடுவர். கேட்டவர் ஒருவர் நம் கொங்கு நாட்டில் இருந்தார். அவர்தம் வரலாற்றையே ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றேன்.

கோயம்புத்தூரின் பழைய நகரப் பகுதியில் சலிவன் வீதி என்று ஒரு வீதி உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதன் வழியே போய் வருகின்றனர். சலிவன் யார் என்று கேட்டால், உதகமண்டலத்தைக் கண்டுபிடித்த துரை என்று சிலர் விடை கூறுவர். அவ்விடை முழுவதும் உண்மையன்று. நீலகிரியில் தோதவரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் தொன்றுதொட்டு வாழ்ந்து வந்தனர். படகர் பல தலைமுறைகளுக்கு முன்பே மைசூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறி, உழுது பயிரிட்டு வந்தனர். 1603-ஆம் ஆண்டிலேயே ஃபினிசியோ என்னும் இயேசு சபைக் குரு மலையாள நாட்டிலிருந்து ஏறிச் சென்று தோதவரைக் கண்டு திரும்பினார். ஆகவே சலிவன் கண்டுபிடித்தது மலையையன்று. ஐரோப்பியக் குடும்பம் ஒன்று அம்மலைமேல் குடியிருக்கக்கூடும் என்பதையே அவர் கண்டார். கண்டதைத் தம் குடும்பத்தைக் கொண்டே மெய்ப்பித்தார்.

ஜான் சலிவன் 1788-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். மீசை அரும்பும் பருவத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியில் எழுத்தர் பதவி பெற்றுச் சென்னைக்குக் கப்பலேறினார். அக்காலத்தில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வருவோர் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்காகக் கடலிலே மிதக்க வேண்டும். வந்து சேர்ந்தவருள் ஒரு பகுதியினரைக் காய்ச்சலும் வாந்திபேதியும் சில ஆண்டுகளிலேயே கொண்டுபோய்விடும். இந்த ஊழிலிருந்து தப்பிய சலிவன் படிப்படியாக உயர்ந்து, 1815-இல் கோயம்புத்தூர்ச் சில்லாவின் கலெக்டரானார். அப்போது அவருக்கு வயது 27. திப்பு சுல்தான் வீழ்ந்து 16 ஆண்டுகளே ஆகியிருந்தன. போர்ப்படைகள் மாறி மாறி நடந்த நாடு அப்போதுதான் சற்றே அமைதி கண்டிருந்தது.

கோயம்புத்தூரிலிருந்து வடமேற்கே நோக்கினால் நீலநிறச் சுவர்போல் நிற்கும் மலையை நாம் இன்றும் காண்கின்றோம். அன்றைய கலெக்டரும் அதனைக் கண்டிருப்பார். அம்மலையும் அவர் ஆளுகைக்கு உட்பட்டதே. ஆயினும் அடிவாரக் காடுகளில் நச்சுக் காய்ச்சல் நிலவியமையால் கம்பெனியார் அதனுள் நுழைய அஞ்சினர். 1812-இல் நில அளவைக்காகச் சிலர் ஏறி இறங்கினர். அவர்தம் அறிக்கையைப் பொருட்படுத்துவார் இல்லை. 1818-இல் விஷ், கிண்டர்ஸ்லி என்னும் இளம் அதிகாரிகள் இருவர் ஏறிச் சென்று, வெயிற்காலத்திலும் குளிர்ந்த காற்று வீசும் நாடொன்று மேலே உளது என்ற செய்தியோடு திரும்பினர். அதனைக் கேட்ட சலிவன் 1819-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் பவானி ஆற்றங்கரையிலுள்ள சிறுமுகையிலிருந்து தாமே புறப்பட்டு, கோத்தகிரிக்கு அருகிலுள்ள திம்பட்டியை அடைந்தார். அங்கே சிறு பங்களா ஒன்றும் எழுப்பினார். அவ்வாண்டிலேயே லெஷெனோ என்னும் பிரெஞ்சு இயற்கை நூலறிஞர் நோயால் மெலிந்த உடலோடு மலையேறி, உடல் தேறி மீண்டார். ஒருவர் நலம் பெற்றால் பலரும் பெறலாமன்றோ? இக்கருத்தே சலிவனுடைய உள்ளத்தில் வேரூன்றியது.

1820-இல் அவர் ஹென்றியேட்டா சிசிலியா ஹாரிங்டன் என்னும் நங்கையை மணந்தார். அதுகாறும் மலை அவருக்கு ஓர் ஆராய்ச்சிப் பொருளாக இருந்தது. அதன்பின் குடும்பத்தின் உறைவிடமாக மாறத் தொடங்கியது. சமவெளியில் ஐரோப்பியக் குழந்தைகள் கோடையைக் கடப்பது அரிதென்பதை அக்காலக் கல்லறைகள் இன்றும் கூறிக்கொண்டிருக்கின்றன. தாய்நாட்டின் குளிர்ச்சி 7,000 அடி உயரத்தில் காத்திருக்கும்போது, தம் மனைவியையும் மகவையும் வெப்பத்திலே வாட விடுவதற்கு எந்தத் தந்தைக்கு மனம் வரும்?

மேலே செல்ல முதலில் வழி வேண்டும். மக்ஃபர்சன் என்னும் படைத்தலைவரின் மேற்பார்வையில் சிறுமுகையிலிருந்து கோத்தகிரி வழியாக மலைப்பாதை ஒன்று வெட்டப்பட்டு 1823-இல் முடிவுற்றது. அப்பாதையும் வண்டிகள் ஏறத் தக்கதன்று. ஆளும் குதிரையும் பொதி மாடும் செல்லத்தக்கது. மேட்டுப்பாளையத்தில் புகைவண்டி ஏறி, பல்சக்கரத்தின் உதவியால் குன்றின் மேல் வந்து இறங்கும் வசதி குன்னூருக்கு 1899-இலும் உதகைக்கு 1908-இலுமே கிட்டியது. சலிவன் குடும்பத்தாருக்கு உப்பு முதல் ஊசிவரை ஒவ்வொரு பொருளும் மக்களின் தலைச்சுமையாகவும் மாட்டின் முதுகிலும் ஏறியே வரவேண்டியிருந்தது.

திம்பட்டியிலும் உயர்ந்த இடமொன்றை அவர் தேடினார். தோதவருடைய மந்து ஒன்றின் பெயரே திரிந்து இன்று உதகமண்டலம் என வழங்குகின்றது. அவ்விடத்தில் 1822-இல் ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் தோதவரிடம் நிலம் வாங்கி, கல்லினால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். உதகையில் எழுந்த முதல் ஐரோப்பிய வீடு அதுவே. மலைமக்கள் அதனைக் கல் பங்களா என்றழைத்தனர். 1823-இல் ஹென்றியேட்டா அம்மையார் சிறு மகவோடு அங்கே குடிபுகுந்தார். அம்மலை நகரில் வாழ வந்த முதல் ஐரோப்பிய மாது அவரே ஆவார்.

அம்முதல் நாட்களை மனக்கண்முன் கொணர்ந்து காண்போமாக. இன்று நாம் உதகையில் காணும் தைல மரங்கள் அன்றில்லை. தேயிலைத் தோட்டங்களும் இல்லை. கடைத்தெருவும் கோயிற் கோபுரமும் மணியோசையும் இல்லை. பச்சைக் கம்பளம் விரித்தாற்போலப் புல்மேடுகள், மடிப்புகளிலே இருண்ட சோலைகள், அவற்றினிடையே சலசலக்கும் ஓடைகள். இவையன்றி வேறொன்றுமில்லை. மாலையாயின் மூடுபனி ஏறி வரும். பனிக்காலத்து விடியற்காலையில் புல்லின்மேல் உறைபனி வெண்மையாகக் கிடக்கும். அழைத்த குரலுக்கு ஓடிவரத் தம் மொழி பேசும் அயல்வீட்டுப் பெண் ஒருத்தியும் இல்லாத இடத்தில் ஓர் இளந்தாய் தன் குழந்தையை உறங்கச் செய்தாள் என்பதை எண்ணும்போது, கலெக்டரின் வீரத்தைப் பாராட்டும் நூல்கள் அவ்வம்மையாரின் துணிவுக்கு இரண்டு வரியே ஒதுக்கியுள்ளது நேர்மையோ என்று கேட்கத் தோன்றுகின்றது.

அவர் முதன்முதல் கண்ட அயலார் தோதவர். பூவேலை செய்த வெண்ணிறப் போர்வையைத் தோளிலே சுற்றி, ஓங்கிய தோற்றத்தோடு விளங்கும் அம்மக்கள் எருமை மேய்ப்பதையே தொழிலாகவும் சமயமாகவும் கொண்டவர்கள். மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு, பீப்பாயை நெடுக்கே பிளந்து கவிழ்த்தாற்போல் அவர்கள் அமைக்கும் குடிலுக்குள் குனிந்து தவழ்ந்தே நுழைய வேண்டும். அவர்தம் பால்மனைகள் கோயில்களை ஒத்தவை. பிறர் உட்புகுதல் ஆகாது. ஊனுண்ணாத அவர்களுக்குப் படகர் தானியம் கொடுப்பர்; கோத்தர் மட்பாண்டமும் இரும்புக் கருவியும் செய்தளித்து, ஈமச்சடங்கில் இசையும் முழக்குவர்; தோதவர் நெய்யும் பிறவும் தருவர். ஒருவரில்லாமல் மற்றொருவர் வாழ இயலாத அவ்வுறவில் நாணயத்துக்குப் பெரிதும் வேலையில்லை. கொடுக்கல் வாங்கல் என்பது தலைமுறை தலைமுறையாக வந்த கடமையாகவே இருந்தது.

அத்தகைய நாட்டிலேதான் ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்னும் விலை வந்து நுழைந்தது. இவ்விலை குறைவா நிறைவா என்று இன்று பலரும் வாதிடுவர். என் சிற்றறிவுக்குத் தோன்றுவது வேறு. மேய்ச்சல் நிலத்தை முழத்தால் அளந்து விற்கும் வழக்கமே இல்லாத மக்கள், அந்த ரூபாயைக் கையில் வாங்கியபோது எதனைக் கொடுத்ததாக எண்ணினர்? புதிதாக வந்த விருந்தினர் தம் எருமைகளோடு தாமும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இசைவு தந்ததாக எண்ணினரோ? வாங்கியவரோ, இனி எனக்கும் என் மக்களுக்கும் உரியது என்று எண்ணினார். ஒரே நாணயம் இரு கைகளில் இரு பொருளை உணர்த்தியது. பிற்காலத்துத் துன்பங்களுக்கெல்லாம் இதுவே வித்து.

வீடு அமைந்த பின் சலிவன் சுற்றிலும் தோட்டம் போட்டார். உருளைக்கிழங்கும் பார்லியும் ஐரோப்பியக் காய்கறிகளும் பயிரிட்டுப் பார்த்தார்; ஆப்பிள், பீச்சு முதலிய பழமரங்களையும் நட்டார். இன்று நம் ஊர்ச் சந்தைகளில் ஊட்டி உருளைக்கிழங்கு, ஊட்டிக் காரட்டு என்று கூவி விற்பனவற்றுக்கெல்லாம் வழி திறந்தவர்களுள் அவர் தலைமையானவர். 1823-க்கும் 1825-க்கும் இடையே ஓடைக்கு அணை கட்டி ஓர் ஏரி அமைத்தார். அன்று அவ்வேரி இன்றுள்ளதனினும் மிகப் பெரிது. இப்போதைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் அதன் பழைய நீர்ப்பரப்பிலே அமைந்தவை. 1826-இல் சென்னைக் கவர்னர் சர் தாமஸ் மன்றோ மலையேறி வந்து, கல் பங்களாவில் விருந்தினராகத் தங்கினார். மூன்றே ஆண்டுகளில் தனித்து நின்ற வீடு ஓர் ஊரின் தொடக்கமாயிற்று.

ஊர் வளர வளர வழக்கும் வளர்ந்தது. 1827-இல் கவர்னராக வந்த லஷிங்டன், உதகையை அரசாங்கத்தின் நலவாழ்வு நகரமாக்க விரும்பினார். சாலைகளும் புனித ஸ்தேவான் ஆலயமும் அவர் முயற்சியால் எழுந்தன. அவ்வகையில் அவருக்கும் மலை கடமைப்பட்டுள்ளது. ஆயின் மலைநிலம் யாருடையது என்பதில் அவருக்கும் சலிவனுக்கும் கருத்து மாறுபட்டது. இம்மலை தோதவருடைய முழு உடைமை. அவருக்கு ஈடு கொடாமல் ஒரு சாண் நிலத்தையும் அரசாங்கம் எடுத்தலாகாது என்று சலிவன் எழுதினார். அவர்கள் மேய்ப்பவரேயன்றி உடையவரல்லர் என்று மறுத்தனர் எதிர்க்கட்சியினர். சலிவன் தாமே பரந்த நிலம் வாங்கி வைத்திருந்தமையால், தம் பட்டயங்களைக் காத்துக்கொள்ளவே தோதவருக்காக வாதாடுகின்றார் என்ற பழியும் அவர்மேல் எழுந்தது. தோதவர் உடைமையாளராயின் அவரிடம் வாங்கிய கிரயமும் செல்லும்; அவர் உடைமையாளரல்லராயின் கிரயமும் வீழும். ஆதலின் அப்பழியை முற்றும் பொய்யென்று தள்ளிவிட முடியாது.

எனினும் தன்னலம் ஒன்றே அவர் வாதத்துக்குக் காரணமென்று கூறுதலும் பொருந்தாது. கம்பெனியார் ஆட்சியில் இந்நாட்டுச் செல்வம் கடல் கடந்து செல்வதையும், குடிகள் வரிச்சுமையால் நலிவதையும், நாட்டு மக்கள் உயர் பதவிகளினின்று விலக்கப்படுவதையும் அவர் பிற்காலத்திலும் ஓயாது கண்டித்தார். சுதேச அரசுகளைக் கம்பெனியார் விழுங்குவது அநீதி என்று தம் முதுமையில் நூலெழுதியும் வாதாடினார். அவற்றால் அவருக்கு ஒரு முழ நிலமும் கிடைக்கப் போவதில்லை. மனித உள்ளத்தில் தன்னலமும் நீதியும் ஒரே அறையில் வாழ்வதுண்டு. ஒன்றைக் கண்டவுடன் மற்றது அங்கில்லையென்று முடிவு கட்டுதல் கூடாது.

1830-இல் சலிவன் கோயம்புத்தூர்க் கலெக்டர் பதவியை விட்டுத் தாய்நாடு சென்றார். அவ்வாண்டிலேயே உதகையும் அதைச் சூழ்ந்த மலைப்பகுதியும் கோயம்புத்தூரிலிருந்து பிரிக்கப்பட்டு மலையாளச் சில்லாவோடு சேர்க்கப்பட்டன. 1843 வரை அந்நிலை நீடித்தது. சில ஆண்டுகளுக்குப் பின் சலிவன் சென்னைக்குத் திரும்பி வந்து, கவர்னரின் ஆலோசனைச் சபையிலும் அங்கம் வகித்தார். அங்கும் தோதவர் உரிமையைப் பற்றிய வாதத்தை அவர் விடவில்லை.

பின்னர் 1838-ஆம் ஆண்டு வந்தது. எந்த மலையின் குளிர்காற்று தம் குடும்பத்தைக் காக்கும் என்று நம்பினாரோ, அந்த மலையிலேயே அவ்வாண்டில் மனைவி ஹென்றியேட்டாவையும் மகள் ஹாரியட்டையும் அவர் இழந்தார். இருவரும் புனித ஸ்தேவான் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். மூன்று ஆண்டுகள் கழித்து, 1841-இல், சலிவன் இந்தியாவை விட்டு என்றென்றைக்குமாகப் புறப்பட்டார். 1843-இல் இலண்டனிலிருந்த கம்பெனி இயக்குநர்களின் தீர்ப்பு வந்தது. தோதவருக்கு மேய்ச்சல் உரிமையும், மந்துகளையும் புனித இடங்களையும் சூழ்ந்த நிலமும் உண்டு. மலையின் உடைமை இல்லை என்பதே அதன் சாரம். சலிவன் வழக்கில் தோற்றார். 1855-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் இங்கிலாந்தில் ஸ்லௌ என்னும் ஊருக்கருகே காலமாகி, அங்குள்ள புனித லாரன்ஸ் ஆலயத்தில் அடக்கமானார். மனைவியும் மகளும் நீலகிரியில். அவர் தேம்ஸ் நதி நாட்டில். கல் பங்களாவில் ஒரே கூரையின்கீழ் தொடங்கிய குடித்தனம் இரு கண்டங்களின் மண்ணில் பிரிந்து முடிந்தது.

திருமறையில் ஆபிரகாமின் வரலாற்றைப் படிப்போர் ஒன்றை நினைவுகூர்வர். தேவன் வாக்களித்த நாட்டிலேயே அந்நியனாய்க் கூடாரமடித்து வாழ்ந்த அம்முதுவர், தம் மனைவி சாராளை அடக்கம் செய்ய நிலம் வேண்டியபோது, அந்நாட்டார் இலவசமாகக் கொடுக்க முன்வந்தும் அதனைக் கொள்ளாமல், அவர்கள்முன் தலைவணங்கி முழு விலையை நிறுத்துக் கொடுத்தே வாங்கினார். வாக்குத்தத்தம் பெற்றவரே விலை கொடுத்தாரென்றால், அது பெறாதவர் கொடுக்கவேண்டிய விலை எவ்வளவு! நிலத்தின் பழைய குடிகளை நோக்கித் தலைவணங்கினாலன்றி எந்தக் குடியேற்றமும் நேர்மையுடையதாகாது. சலிவன் அவ்வணக்கத்தைக் கோணலாகவேனும் செய்தார். அவர் பின் வந்தோர் பலர் அதனையும் செய்யவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் என் தந்தையாரோடு உதகை சென்றிருந்தேன். கல் பங்களா இப்போது அரசினர் கலைக் கல்லூரியின் பகுதியாக, அதன் முதல்வர் அலுவலகமாக விளங்குகின்றது. அதன் எதிரே நின்றபோது மாணவர் கூட்டமொன்று சிரித்துப் பேசிக்கொண்டு படிகளில் இறங்கியது. ஒரு காலத்தில் ஒரே ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்ட இடத்தில் நூற்றுக்கணக்கான இளங்குரல்கள் ஒலிக்கின்றன. பின்னர் ஆலயத் தோட்டத்துக்குச் சென்று அக்கல்லறையின் முன் சிறிது நேரம் நின்றோம். என் தந்தையார் ஒன்றும் பேசாமல், பாசி படிந்த கல்லின்மேல் விழுந்திருந்த சருகுகளைக் கையால் ஒதுக்கிவிட்டார்.

திரும்பும் வழியில், மேட்டின்மேல் எருமைகள் சில மேய்ந்துகொண்டிருக்கக் கண்டோம். மேய்த்து நின்ற முதியவர் எங்களை ஒருமுறை நோக்கிவிட்டு மீண்டும் தம் எருமைகளின் பக்கம் திரும்பிக்கொண்டார். வந்து போவோரை எத்தனையோ தலைமுறையாகக் கண்டு பழகிய பார்வை அது.

நம் கொங்கு நாட்டினின்றும் பிழைப்பை நாடி இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்று குடியேறியோர் உண்டு. இன்று இன்னும் தொலைவான நாடுகளுக்குச் செல்வோரும் உண்டு. நம்மில் சிலரும் நாளை செல்லக்கூடும். அங்கே முதல்நாள் அடுப்பு மூட்டும்போது, நீரும் விறகும் எங்கேயென்று கேட்பதோடு, இந்நிலம் யாருடையது, அவர்க்கு நாம் செய்யவேண்டிய கடமை யாது என்றும் கேட்போமாக. ஒரு வீதிக்குத் தம் பெயரை விட்டுச் சென்ற சலிவன் துரை, அக்கேள்வியையும் நமக்கு விட்டுச் சென்றிருக்கின்றார். வீதியின் பெயர்ப்பலகை ஒருநாள் மாறினும் மாறலாம், கேள்வி மாறாது.